அண்ணன் ஜீப்புக்குத் தம்பி இன்ஜின்!

அமெரிக்காவில் பழைய வண்டி விற்பனை விளம்பரங்களை விடாமல் படிப்பவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடம் ஆகியிருக்கும். ‘இன்ஜின் மாற்றியாகிவிட்டது. 90 சதவிகித வேலை முடிந்தது. நேரம் இல்லாததால் விற்கிறேன்.’ படத்தில் ஒரு ஜீப் நிற்கும். பானெட் திறந்திருக்கும். உள்ளே இன்ஜின் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் கொட்டிவைத்த நூடுல்ஸ் மாதிரி ஒயர்கள். டயரில் காற்று இறங்கி, சீட்டில் தூசி படிந்திருக்கும்.

மீதி 10 சதவிகிதத்தில் என்ன இருக்கிறது? எல்லாமே அதில்தான் இருக்கிறது. கனமான இன்ஜினைச் சங்கிலியில் தூக்கி இறக்குவது ஒரு சனிக்கிழமை வேலை. அதை உயிரோடு ஓட வைப்பதற்குள் ஒரு கோடைக்காலமே போய்விடும்.

கொலராடோ மாநிலத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு வயது 74. மகன் ஐம்பதை நெருங்குகிறார். பேத்திக்குப் பதினாறு. வீட்டு ஷெட்டில் 1983-ம் வருட மாடல் ஜீப் சி.ஜே-7. அப்பா புதிதாக வாங்கியது. மகன் பள்ளிக்கூடம் போனதும், பிறகு டிரைவிங் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

அந்த வட்டாரத்தில் ஊரே என்ற ஊரிலிருந்து டெல்லூரைடு என்ற ஊருக்கு, இமோஜீன் கணவாய் வழியாக ஒரு மண்பாதை போகிறது. சுரங்கக் காலத்தில் போட்ட பாதை. உச்சி 13,114 அடி, அதாவது ஏறக்குறைய 4,000 மீட்டர். பனி உருகி ஜூலை வாக்கில்தான் திறக்கும், அக்டோபருக்குள் மூடிவிடும். வருஷம் தவறாமல் அந்த உச்சிக்குப் போய் வருவது அப்பாவின் வழக்கம். கடைசியாகப் போனபோது, செங்குத்தான ஓர் ஏற்றத்தில் இன்ஜின் அணைந்துவிட்டது.

சமதளத்தில் அணைந்தால் எரிச்சல், அவ்வளவுதான். மலையில் கதை வேறு. பவர் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் இன்ஜின் ஓடும்போதுதான் உற்பத்தியாகும். அணைந்துவிட்டால், மிச்சமிருக்கும் வாக்குவத்தில் ஒன்றிரண்டு முறைதான் பெடல் இலகுவாக இறங்கும். அப்புறம் கல்லை மிதிப்பது போல இருக்கும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அப்பா எப்படியோ சமாளித்து இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டியவர், அதற்கப்புறம் அதைத் தொடவில்லை.

மகன் அந்தச் சாவியை மறுபடியும் எடுத்ததுதான் இந்த வாரக் கதை.

வில்லன் யார்?

அந்த ஜீப்பில் இருந்தது ஏ.எம்.சி நிறுவனத்தின் 258 கன அங்குல இன்ஜின். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர். இன்ஜின் இரும்பு மனிதன். அதன் தலையில் உட்கார்ந்திருந்த கார்ட்டர் பி.பி.டி கார்புரேட்டர்தான் வம்பு. ஐட்லிங்கில் தடுமாறுவதில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. போதாக்குறைக்கு, புகைக் கட்டுப்பாட்டுக்காக 80-களில் அதைச் சுற்றி வாக்குவம் ஹோஸ்களை இழுத்துக் கட்டியிருந்தார்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

கார்புரேட்டருக்குள் ஒரு குட்டித் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிரம்பினால் மிதவை மேலே வந்து வழியை அடைக்கும்; குறைந்தால் கீழிறங்கித் திறக்கும். டாய்லெட் ஃப்ளஷ் டேங்கில் இருக்கும் அதே ஏற்பாடு. வண்டி நேராக இருக்கும்வரை பிரச்னை இல்லை. 30 டிகிரி ஏற்றத்தில் அந்த ஃப்ளஷ் டேங்கையே சாய்த்துப் பிடித்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் பெட்ரோல் வழியும், மறுபக்கம் வற்றும். இன்ஜினுக்கு ஒரு நொடி புரையேறும், மறுநொடி பட்டினி.

உயரம் இன்னொரு தொல்லை. 4,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்று குறைந்துவிட்டது என்பது கார்புரேட்டருக்குத் தெரியாது. கீழே ஊற்றிய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, கரி படிந்த ஸ்பார்க் பிளக்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனில் தொட்டியும் இல்லை, மிதவையும் இல்லை. பம்ப் ஒன்று பெட்ரோலை அழுத்தத்தோடு ஒரு குழாயில் நிறுத்திவைக்கும். சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர்கள். எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும்; அவ்வளவு நேரம் மட்டும் பீய்ச்சிவிட்டு மூடிக்கொள்ளும். வண்டி சாய்ந்தால் அதற்குக் கவலை இல்லை. மலை ஏறினால், காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் பார்த்துச் சொல்லிவிடும். மாருதி கார்களின் பின்பக்கம் ‘எம்.பி.எஃப்.ஐ’ என்று ஒட்டியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதே சமாச்சாரம்தான்.

ஒரே குடும்பத்து ரத்தம்

அந்த 258-க்கு ஒரு தம்பி உண்டு. ஏ.எம்.சி-யின் ஆறு சிலிண்டர் பரம்பரை 1964-ல் தொடங்கியது. 258 பிறந்தது 1971-ல். அதே பரம்பரையில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு 1987-ம் வருட ஜீப் செரோக்கியில் வந்தது 4 லிட்டர் இன்ஜின். அந்த வருடமே ஏ.எம்.சி-யை கிரைஸ்லர் வாங்கிவிட்டது. முதல் நான்கு வருடங்கள் ரெனோவும் பெண்டிக்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘ரெனிக்ஸ்’ கம்ப்யூட்டர்தான் அதை ஆண்டது. 1991-ல் கிரைஸ்லரின் சொந்த ஏற்பாடு வந்தது. அந்த வருடம் ஜீப் ராங்க்ளரில் வந்த 4 லிட்டர் இன்ஜினின் சக்தி 180 குதிரை. பழைய 258 தந்ததோ சுமார் 110. அளவில் சின்னவன், பலத்தில் பெரியவன். 2006 வரை இந்த இன்ஜின் ராங்க்ளரில் ஓடியது.

ஒரே ரத்தம் என்பதால் தம்பியின் பிளாக் அண்ணனின் இடத்தில் பெரிய சண்டை இல்லாமல் உட்காரும். வி-8 இன்ஜின் ஏற்றுகிறேன் என்று பலர் கிளம்புவார்கள். சத்தம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், ஒரு மலைப்பாதையில் நிதானமாக ஊர்ந்து ஏறவும், வீட்டில் இருப்பவர்கள் பயப்படாமல் உட்காரவும் இந்த ஆறு சிலிண்டரே சரி.

மகன் செய்த முதல் புத்திசாலித்தனம், இன்ஜினை மட்டும் வாங்காமல் ஒரு முழு வண்டியை வாங்கியது. பள்ளத்தில் உருண்டு பாடி நசுங்கிய 1993 ராங்க்ளர். பார்க்கப் பரிதாபம். ஆனால் கம்ப்யூட்டர், ஒயரிங், சென்சார்கள், ரிலே பெட்டி, ஆக்ஸிலரேட்டர் கேபிள், பெட்ரோல் டேங்க் என எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தன. இன்ஜின் ஒரு கடையில், கம்ப்யூட்டர் வேறொரு கடையில், ஒயரிங் மூன்றாவது இடத்தில் என்று சேர்த்தால், எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று கடைசிவரை தெரியாது. 90 சதவிகித விளம்பரங்களில் பாதி இப்படித்தான் உருவாகின்றன.

பனிக்காலம் முழுக்கப் பிரித்தார்கள். பேத்தி ஒவ்வொரு ஒயர் முனையிலும் பேப்பர் டேப் ஒட்டி, பேனாவால் பெயர் எழுதினாள். ‘கூலன்ட் சூடு.’ ‘த்ராட்டில்.’ ‘இது எதற்கு என்று தெரியவில்லை, அப்பாவைக் கேட்கணும்.’ மே மாதம் ஒரு சனிக்கிழமை இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக உள்ளே இறங்கின. தாத்தா வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு சிக்கல். ராங்க்ளரில் முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் இடது பக்கம், சி.ஜே-யில் வலது பக்கம். அதனால் ராங்க்ளரின் டிரான்ஸ்ஃபர் கேஸை மாட்ட முடியாது. பழைய டானா 300-ஐயே வைத்துக்கொண்டு, இடையில் அடாப்டர் போட்டார்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்டுகளின் நீளம் மாறியது. அளந்து, வெட்டி, பேலன்ஸ் செய்து வாங்க ஒரு வாரம்.

அதற்குப் பிறகுதான் அசல் வேலை.

டயரில் இருப்பது காற்று, இதில் இருப்பது பெட்ரோல்

பழைய கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பிய மெக்கானிக்கல் பம்ப்பின் அழுத்தம் 4, 5 பி.எஸ்.ஐ. 1993 மாடல் இன்ஜெக்‌ஷனுக்குத் தேவையானது 39 பி.எஸ்.ஐ. கார் டயரில் நிரப்புகிற காற்றைவிடக் கொஞ்சம் அதிகம். அதே அழுத்தத்தில் பெட்ரோல், சூடான சைலன்சர் பைப்பிலிருந்து சாண் தூரத்தில் ஓடப்போகிறது என்று நினைத்துப் பார்த்தால், இந்த வேலையில் எங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது தானாகப் புரியும்.

ஆனால், பலர் சிக்கனம் பார்ப்பது இங்கேதான். பழைய ரப்பர் ஹோஸ் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். கார்புரேட்டருக்கான ஹோஸில் 30ஆர்7 என்று அச்சிட்டிருக்கும். இன்ஜெக்‌ஷனுக்கான ஹோஸில் 30ஆர்9. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே கறுப்பு நிறத்தில் தொங்கும். விலைதான் வித்தியாசம். கிளிப்பும் அப்படியே. பல் பல்லாக வெட்டிய சாதாரண கிளிப்பை இறுக்கினால், அந்த வெட்டுகள் ரப்பரைக் கடித்துவிடும். ஹோஸைக் கடிக்காமல், சுற்றிலும் ஒரே மாதிரி அழுத்துகிற இன்ஜெக்‌ஷன் கிளிப் தனியாக இருக்கிறது. மகன் நீளமான பகுதிகளுக்கு ஸ்டீல் பைப்பை வளைத்து, ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டினார். அசைவு இருக்கும் இடங்களில் மட்டும் ஹோஸ்.

இன்ஜெக்‌ஷனுக்குத் திரும்பும் பைப்பும் வேண்டும். பயன்படாத பெட்ரோல் மறுபடி டேங்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். அப்படி ஓடிக்கொண்டே இருப்பதால்தான் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கும் பழைய நோய் வருவதில்லை. 258 இன்ஜின் ஜீப்களில் ஃபில்டரிலிருந்து டேங்குக்கு மெல்லிய ரிட்டர்ன் பைப் ஒன்று ஏற்கெனவே இருக்கும். பல வருடம் துருப்பிடித்த அதை நம்புவதைவிடப் புதிதாக இழுப்பதே மேல். இழுத்தார்கள்.

பம்ப்பை எங்கே வைப்பது? வெளியே ஃப்ரேமில் மாட்டலாம், வேலை சுலபம். ஆனால் சத்தம் போடும், சூடாகும், டேங்கைவிட உயரமாக வைத்தால் பெட்ரோலை இழுக்கத் திணறும். டேங்குக்குள் வைத்தால் பெட்ரோலிலேயே முங்கிக் குளிர்ச்சியாக இருக்கும். அதனால் ராங்க்ளரின் டேங்கையே பம்ப்போடு மாற்றினார்கள். அது அப்படியே உட்காரவில்லை. பிராக்கெட்டை இரண்டு முறை வெட்டி, மூன்றாவது முறை ஒட்ட வேண்டியிருந்தது. ஜூன் மாதம் அதோடு முடிந்தது.

குருட்டுக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. சென்சார்கள்தான் அதன் கண்கள். அவற்றில் முதல் கண், கிராங்க்‌ஷாஃப்ட் சுழல்வதைப் பார்க்கும் சென்சார். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் மேல் முதுகில் உட்கார்ந்து, ஃப்ளைவீலின் விளிம்பில் இருக்கும் வெட்டுகளை எண்ணும். நான்கு நான்காக மூன்று கூட்டம். வெட்டு கடக்கும் நேரத்தை வைத்துத்தான் எப்போது ஸ்பார்க், எப்போது பெட்ரோல் என்று கணக்கு. பழைய ஃப்ளைவீல் நல்ல நிலையில்தானே இருக்கிறது என்று 258-ன் ஃப்ளைவீலை மாட்டினால், அதில் அந்த வெட்டுகள் கிடையாது. இன்ஜின் சுற்றும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை வண்டி நிற்கிறது. கியர்பாக்ஸை மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை.

இந்தச் சென்சாரோடு ஒரு பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பம்ப் ஒன்றிரண்டு விநாடிகள் ஓடி அழுத்தத்தை ஏற்றும். இன்ஜின் சுழலவில்லை என்றால் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி மோதி இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். அறுந்த குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்காது. ‘ரிலே எல்லாம் எதற்கு, பம்ப்பை நேராகச் சாவியில் கொடுத்துவிடு’ என்று யோசனை சொல்லும் நண்பர் எல்லா ஷெட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைப்பது நல்லது.

அடுத்தது எர்த் ஒயர். கம்ப்யூட்டரின் எர்த் ஒயர்கள் பலவும் ஆயில் அளக்கும் குச்சியின் குழாயைப் பிடிக்கிற போல்ட்டில் வந்து சேரும். பார்க்க அற்பமான இடம். அங்கே பெயின்ட்டோ துருவோ இருந்தால், சென்சார்கள் எல்லாம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். சென்சாரை மாற்றி, கம்ப்யூட்டரை மாற்றி, காசைக் கரைத்த பிறகு, கடைசியில் உப்புத்தாள் தேய்த்துச் சரியானவர்கள் நிறைய பேர்.

வேகம் காட்டும் சென்சாரும் வேண்டும். சி.ஜே-யில் ஸ்பீடோமீட்டர் வெறும் கேபிளில் ஓடுவது. வண்டி நகர்கிறதா, நிற்கிறதா என்று தெரிந்தால்தான் ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகு ஐட்லிங்கைக் கம்ப்யூட்டர் சரியாகப் பிடிக்கும். கேபிளுக்கு நடுவே பொருத்தும் சென்சார் கிடைக்கிறது. மகன் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். தள்ளிவைத்த வேலை எதுவும் சும்மா இருப்பதில்லை.

இன்னொரு கண்ணி, ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது. பழைய 258-ல் தனித்தனி வி-பெல்ட்டுகள். புதியதில் எல்லாவற்றையும் சுற்றிவரும் ஒரே தட்டை பெல்ட். அந்த பெல்ட் ஓடும் வழியால், வாட்டர் பம்ப் எதிர்ப்பக்கமாகச் சுழலும். பம்ப்புகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். பழைய பம்ப்பை மாட்டினால் தண்ணீர் சரியாக ஓடாது. பழைய ஃபேனை மாட்டினால் காற்று ரேடியேட்டரை விட்டு வெளியே போகப் பார்க்கும். ஓடும் வேகத்தில் வருகிற காற்றோடு மல்லுக்கட்டும் ஃபேன் எப்படிக் குளிரவைக்கும்? மலையேற்றத்தில் வேகமும் இருக்காது. எங்கே கோளாறு என்று தெரியாமல் புது ரேடியேட்டர் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. இங்கே ராங்க்ளரின் பம்ப், ஃபேன் இரண்டும் ஜோடியாகவே வந்ததால் தப்பித்தார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் மாறும். கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரை பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. அதற்குப் பிந்தைய வண்டியில் இன்ஜின் மாற்றினால், வரும் இன்ஜின் வண்டியின் வயதோ அதைவிடப் புதியதோவாக இருக்க வேண்டும். அந்த இன்ஜினுக்கு உரிய கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் கூடவே வர வேண்டும். ‘ரெஃப்ரீ’ என்று அழைக்கப்படும் பரிசோதகர் பார்த்து ஒப்புதல் தருவார். பழையதைவிட இந்த இன்ஜின் சுத்தமாக எரிக்கும் என்பதால் நேர்மையாகச் செய்தவர்களுக்குப் பெரிய பயம் இல்லை. நம் ஊரில் 1947-ல் வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் செய்து ஆரம்பித்த மஹிந்திராவின் பழைய ஜீப்களில் வேறு இன்ஜின் ஏற்றும் ஆசை பலருக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. ஆர்.டி.ஓ அனுமதி இல்லாமல் ஆர்.சி-யில் இல்லாத இன்ஜின் நம்பரோடு ஓட்டுவது, இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில் பெரிய தலைவலி ஆகிவிடும்.

12, 11, 55

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேட்டரி மாட்டியாகிவிட்டது. பக்கத்தில் தீயணைப்பான். மகன் பேத்தியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, “சாவியைத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாதே” என்றார். பின்பக்கம் டேங்கிலிருந்து ‘ம்ம்ம்’ என்று இரண்டு விநாடி முனகல். நின்றது. மறுபடி. மறுபடி. மகன் டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் பேப்பர் ஈரமானது. இறுக்கினார். மறுபடி துடைத்தார். காய்ந்திருந்தது.

“இப்போ பண்ணு.”

இன்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை. நான்கு முறை. ஷெட்டில் யாரும் பேசவில்லை. தாத்தா வராந்தாவிலிருந்து எழுந்து வந்தார்.

1991-95 காலத்து கிரைஸ்லர் கம்ப்யூட்டரில் ஒரு வசதி. ஐந்து விநாடிக்குள் சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் செய்தால், ‘செக் இன்ஜின்’ விளக்கு கண் சிமிட்டிக் கோளாறு எண்ணைச் சொல்லும். ஸ்கேனர், லேப்டாப் எதுவும் வேண்டாம். பழைய டேஷ்போர்டில் அந்த விளக்குக்கு இடமில்லை என்று பலர் அதை விட்டுவிடுவார்கள். பேத்தி பிடிவாதமாக ஆஷ்ட்ரே இருந்த இடத்தில் ஒரு விளக்கை வைத்திருந்தாள். இப்போது அதைப் பார்த்து எண்ணினாள். ஒன்று, இடைவெளி, இரண்டு. பேட்டரி சமீபத்தில் கழற்றப்பட்டிருக்கிறது. அது தெரிந்த விஷயம். அடுத்து ஒன்று, இடைவெளி, ஒன்று. பிறகு ஐந்து, ஐந்து. 55 என்றால் முடிந்தது என்று அர்த்தம்.

“பதினொண்ணுன்னா என்னப்பா?”

கிராங்க் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை. ஃப்ளைவீல் சரியானதுதான். அப்படியென்றால் சென்சாரோ, அதன் ஒயரோ. அதன் போல்ட்டுகள் இருக்கும் இடம் மெக்கானிக்குகளின் சாபத்துக்குப் பேர்போனது. இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல், கைக்கும் எட்டாமல் இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து, நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பிகளை ஒன்றோடொன்று கோத்து, விரல் நுனியால் தடவித்தான் திருக வேண்டும்.

மகன் இரண்டு மணி நேரம் படுத்துக்கிடந்தார். போல்ட் விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்றும் விழுந்தது. அப்போது தாத்தா குனிந்து, “நீ வெளியே வா. என் கை மெல்லிசு” என்றார். 74 வயதில் அட்டையை விரித்து, முனகிக்கொண்டே படுத்தார். பத்து நிமிடத்தில் சென்சாரின் ஒயரை வெளியே இழுத்துக் காட்டினார். இன்ஜினை இறக்கிய அந்தச் சனிக்கிழமை, பாடிக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையே மாட்டி நசுங்கியிருந்தது. மே மாதத்துத் தப்பு, ஆகஸ்டில் வெளியே வந்தது.

புது சென்சார் வர நான்கு நாள். மாட்டிய பிறகு சாவியைத் திருப்பியதும், இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சோக் இல்லை, பெடலை மிதிக்கவும் இல்லை. கொஞ்சம் வேகமாக ஓடி, சூடானதும் தானாக இறங்கி, சீராக நின்றது. பேத்தி கைதட்டினாள். மகன் உடனே அடியில் படுத்து டிஷ்யூ பேப்பரால் துடைக்க ஆரம்பித்தார்.

தெருவில் ஓட்டிப் பார்த்தால், சிக்னலில் பிரேக் போட்டு நிற்கும்போதெல்லாம் அணைந்தது. விளக்கு இப்போது சொன்னது, 15. வேக சென்சார். தள்ளிவைத்த வேலை. மலையில் அணையாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை பாடும் என்பதால், அது சரியாகும்வரை மலைப் பேச்சே கூடாது என்று மகன் சொல்லிவிட்டார். செப்டம்பர் முதல் வாரம் போனது. மலை உச்சியில் முதல் பனி எப்போது விழும் என்று தாத்தா தினமும் வானிலையைப் பார்த்தார். வெளியே காட்டிக்கொள்ளாமல்தான் பார்த்தார்.

மூன்றாவது வாரம், வானம் நீலமாக இருந்த ஒரு நாள். ஊரேயிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். மகன் ஓட்டினார். தாத்தா பக்கத்தில். பேத்தி பின்னால், தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு. உயரம் கூடக் கூட பவர் குறையத்தான் செய்தது. காற்று இல்லாத இடத்தில் எந்த இன்ஜினுக்கும் அதுதான் கதி. ஆனால் புகை இல்லை, பெட்ரோல் வாடை இல்லை, தடுமாற்றம் இல்லை. லோ கியரில், வீட்டு மிக்ஸி போல ஒரே சுருதியில் ஏறிக்கொண்டிருந்தது.

பாதி தூரத்துக்கு மேல் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும் ஏற்றம். தாத்தா கையை உயர்த்தினார்.

“இங்கே நிறுத்து.”

“ஏற்றத்திலேயா, அப்பா?”

“இங்கேதான்.”

மகன் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பேத்தி இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா மெதுவாக இறங்கி, முன்னால் போய், பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். இரண்டு நிமிடம்கூட இருக்கும். அணையவில்லை.

பிறகு டிரைவர் பக்கம் வந்து, கதவைத் திறந்து, மகனைப் பார்த்து, “நகர்ந்து உட்கார்” என்றார்.